நிரல்மொழிப் பெயர்களைப் பெரிய எழுத்தில் அச்சிடுவது பற்றி ஒரு திறந்த மடல்

கணினி நூல்களின் பதிப்பாசிரியர்களுக்கும் மெய்ப்புத் திருத்துநர்களுக்கும் வணக்கம்.

உங்கள் ஆங்கில நூல்களில் நிரல்மொழிகளின் பெயர்கள் பக்கத்துக்கு ஒரு விதமாக அச்சாவது குறித்தே இம்மடலை எழுதுகிறேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லாத தமிழில் இந்தத் தொல்லை நமக்கு இல்லை.

ஜாவாவின் நான்கு எழுத்துகளையும் பெரிதாக்கும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். அது எந்தச் சொற்றொடரின் சுருக்கமும் அன்று. அடா, பாஸ்கல், ஹாஸ்கெல் ஆகியவையோ அடா லவ்லேஸ், பிளேஸ் பாஸ்கல், ஹாஸ்கெல் கறி ஆகியோரின் நினைவாக வைத்த பெயர்கள் என்பதால், அவற்றுக்கு அந்த வடிவம் சற்றும் பொருந்தாது. முதலெழுத்துகளைக் கோத்து உருவாக்கிய கோபோலுக்கு அது முற்றிலும் சரி. ஃபோர்ட்ரானுக்கு இரண்டும் உண்டு: 1957இல் ஐபிஎம் வெளியிட்டபோது முழுவதும் பெரிய எழுத்து, ஃபோர்ட்ரான் 90 தரநிலையிலிருந்து முதலெழுத்து மட்டும் பெரிது. எனவே அதற்கு முந்தைய ஃபோர்ட்ரான் 77 பற்றிய பத்தியில் பழைய வடிவத்தைக் கண்டால் அதைத் திருத்தாமல் விடுவதே நன்று.

பெர்லில்தான் நுட்பம் அதிகம். மொழியைச் சொல்லும்போது முதலெழுத்து பெரிது. அதை இயக்கும் மென்பொருளைச் சொல்லும்போது எல்லாமே சிறிது. எல்லாவற்றையும் பெரிதாக எழுதவே கூடாது என்று அம்மொழியின் ஆவணமே கூறுகிறது. இந்த வேறுபாடு வெறும் அழகுக்காக அன்று. நான் மெய்ப்புப் பார்த்த ஒரு கையேட்டில், பைத்தானை இயக்கும் கட்டளையோடு ஒரு வாக்கியம் தொடங்கியது. வாக்கியத்தின் முதலெழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்ற விதியை நம்பி யாரோ அக்கட்டளையின் முதலெழுத்தைப் பெரிதாக்கியிருந்தார். லினக்ஸ் இயங்குதளத்தில் கட்டளைகளைத் தட்டும் திரையான முனையத்தில் அதை அப்படியே தட்டினால், அப்படியொரு கட்டளை இல்லை என்ற பதில்தான் வரும், ஏனெனில் அங்கே பெரிய பி வேறு, சிறிய பி வேறு. கட்டளை முதலில் வராதபடி அந்த வாக்கியத்தையே மாற்றி எழுதினேன்.

முழுதும் பெரிய எழுத்தில் அமையும் அத்தியாயத் தலைப்புகளைப் பற்றி எனக்கு முறையீடு இல்லை, அது வடிவமைப்பாளரின் விருப்பம். உரைப்பகுதிக்கு மட்டும், அந்தந்த மொழியின் அதிகாரப்பூர்வ ஆவணத்தைப் பார்த்து ஒரு பக்கப் பெயர்ப் பட்டியலை நடைக் கையேட்டில் சேர்த்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் நடுவே வரும் பெரிய எஸ் அடிக்கடி சிறுத்துப்போகிறது, அதையும் அதில் குறியுங்கள். நிரல்வரிகளுக்குள் இருக்கும் எழுத்துகளை மட்டும் எந்த விதியின் பெயராலும் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்