பதின்மூன்று ஜெர்சிகள்: கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
நிர்வாகக் குழுவினர்,
தேசிய பேஸ்பால் புகழ் மன்றமும் அருங்காட்சியகமும்,
கூப்பர்ஸ்டவுன், நியூயார்க் மாநிலம்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

2017-ஆம் ஆண்டு உங்கள் புகழ் மன்றத்துக்கு நடந்த தேர்தலில் 442 பேஸ்பால் செய்தியாளர்கள் வாக்களித்தார்கள். ஜெஃப் பேக்வெல், டிம் ரெயின்ஸ், இவான் ரோட்ரிகஸ் ஆகிய மூவர் தேர்வானார்கள். அதே வாக்குச்சீட்டில் இடம்பெற்றிருந்த மேட் ஸ்டேர்ஸ் என்னும் கனடா நாட்டு அவுட்ஃபீல்டருக்கு (மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்கும் வீரருக்கு) ஒரு வாக்குகூட விழவில்லை. அந்த முடிவைக் குறை கூறுவதற்காக இம்மடலை நான் எழுதவில்லை. வாக்குரிமை எனக்கு இருந்திருந்தாலும் அவர் பெயரைக் குறித்திருக்க மாட்டேன். அவர் செய்துவந்த வேலை, அதாவது பெஞ்சில் காத்திருந்து ஆட்டத்தின் நடுவே வேறொருவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க வரும் ‘பிஞ்ச் ஹிட்டர்’ வேலை, இன்று ஆட்டத்திலிருந்தே ஏறக்குறைய மறைந்துவிட்டது என்பதால், அந்த வேலைக்கு உங்கள் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக ஒரு மூலையை ஒதுக்குங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

ஸ்டேர்ஸ் 1968-இல் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் செயின்ட் ஜான் நகரில் பிறந்தவர். 1989-இல் மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் அணியில் ஒப்பந்தமானார். 1991-இல் ஹாரிஸ்பர்க் என்ற கீழ்நிலை அணிக்காக ஆடி, ஈஸ்டர்ன் லீக்கின் மிகச்சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்றார். அடுத்த ஆண்டு பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீக்கில் கால்வைத்தார்; ஆனால் அங்கே நிலைக்கவில்லை. 1993-இல் ஜப்பானுக்குப் போய் சுனிச்சி டிராகன்ஸ் அணியில் ஆடினார்; 1995-இல் பாஸ்டனில் தலைகாட்டினார். குட்டையான, கனத்த உடம்புக்காரர். பார்த்தவுடன் விளையாட்டு வீரர் என்று சொல்லிவிட முடியாது. ஓக்லாந்து அணி அவரைத் தொடர்ந்து களமிறக்கத் தொடங்கிய 1997-இல் அவருக்கு வயது 29. அந்த ஆண்டே 27 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி, தானும் பேஸ்களில் நிற்கும் சக வீரர்களும் ஓட்டம் எடுக்கும் அடி) அடித்தார். 1999-இல் 38 அடித்தார். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அணி அவரை நம்பியிருந்தால், 2017-இல் வாக்காளர்கள் படித்த கணக்கு வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அதன்பின் சிகாகோ, மில்வாக்கி, பிட்ஸ்பர்க், கன்சாஸ் சிட்டி, டெக்சாஸ், டெட்ராய்ட், டொரொண்டோ, ஃபிலடெல்ஃபியா, சான் டியேகோ என்று பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே காலம் போயிற்று. 2011-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியில் முடித்தார். மாண்ட்ரியலிலிருந்து 2005-இல் இடம்பெயர்ந்த பழைய எக்ஸ்போஸ்தான் அந்த அணி. தொடங்கிய வீட்டுக்கே அவர் திரும்பி வந்தார், ஆனால் வீடு ஊர் மாறியிருந்தது. 19 பருவங்கள், 13 அணிகள், 265 ஹோம் ரன்கள். உங்கள் மன்றத்தில் வெண்கலப் பலகை வார்க்கும்போது வீரரின் தொப்பியில் எந்த அணியின் சின்னத்தைப் பொறிப்பது என்ற கேள்வி எழுவதுண்டு. இவருடைய தொப்பிக்கு அந்தக் கேள்வியை யாரால் தீர்த்திருக்க முடியும் என்று நான் வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன்.

இப்படிப்பட்டவர்களின் பிழைப்பு எதன்மீது நிற்கிறது என்பதை இரண்டு தேதிகளைக் கொண்டு விளக்கலாம். ஆகஸ்ட் 31-க்குள் அணியில் சேர்ந்தவரே அக்டோபர் மாத இறுதிச் சுற்றுகளில் ஆடலாம் என்பது விதி. 2006-இல் மூன்றாவது ஜெர்சியை மாட்டிக்கொண்டு அவர் டெட்ராய்ட் போய்ச் சேர்ந்தது செப்டம்பர் நடுவில். ஆகவே அந்த அணி சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் வரை சென்றபோதும் அவரால் ஆட முடியவில்லை. 2008-இல் டொரொண்டோ அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பியது ஆகஸ்ட் 30-ஆம் தேதி.

அந்த ஒரு நாள் மிச்சத்தின் பலன் அக்டோபர் 13 அன்று லாஸ் ஏஞ்சலஸில் தெரிந்தது. மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் இறுதித் தொடரில் நான்காவது ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸில் எட்டாவதில், ஃபிலடெல்ஃபியாவின் ஷேன் விக்டொரினோ அடித்த ஹோம் ரன்னால் கணக்கு 5-5 என்று சமமாகியிருந்தது. பேஸில் சக வீரர் கார்லோஸ் ரூயிஸ் நின்றார். எதிரே மணிக்கு நூறு மைலை நெருங்கும் வேகத்தில் வீசும் ஜோனதன் பிராக்ஸ்டன். ஆட்டம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாற்பது வயது ஸ்டேர்ஸ் பிஞ்ச் ஹிட்டராக எழுந்து வந்து, பந்தை வலதுபுறக் கூட்டத்துக்குள் வெகு தூரம் அனுப்பினார். ஆட்டம் 7-5 என்று முடிந்தது. அந்த மாதமே ஃபிலடெல்ஃபியா 1980-க்குப் பிறகு முதன்முறையாக உலகத் தொடரை வென்றது.

இந்த வேலையைத்தான் காப்பாற்றி வைக்கச் சொல்கிறேன். பந்துவீச்சாளரின் முறை வரும்போது அவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க ஒருவர் வேண்டும். அவர் இரண்டு மூன்று மணி நேரம் உடம்பு ஆறக் காத்திருந்து, எதிரணியின் மிக வேகமான கைக்கு முன்னால் ஒரே ஒரு வாய்ப்பை எடுத்துக்கொண்டு, மறுபடியும் போய் உட்கார வேண்டும். நல்ல மட்டையாளர்களே இவ்வேலையில் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் அடிக்கிறார்கள். ஸ்டேர்ஸ் இதில் 23 ஹோம் ரன் அடித்தார். கிளிஃப் ஜான்சன் வைத்திருந்த 20 என்ற சாதனையை அவர் 2010-இல் சான் டியேகோ ஜெர்சியில் கடந்தார்.

2022-ஆம் ஆண்டு முதல் நேஷனல் லீக்கிலும் பந்துவீச்சாளருக்குப் பதிலாக மட்டை பிடிப்பதற்கென்றே ஒருவர் தொடக்கத்திலிருந்து ஆடுகிறார். எனவே, பெஞ்சிலிருந்து எழுந்து வருபவருக்கான தேவை பெரும்பாலும் போய்விட்டது. அந்த 23-ஐ இனி ஒருவர் தாண்டுவார் என்று நான் நம்பவில்லை. திறன் குறைந்ததால் யாரும் இந்த வேலையை இழக்கவில்லை. வேலையே இல்லாமல் போயிற்று.

கனடாவின் பேஸ்பால் புகழ் மன்றம் 2015-இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. அது அவர்களுடைய மகனுக்கு அவர்கள் செய்த மரியாதை. உங்களிடம் நான் கேட்பது பதின்மூன்று ஜெர்சிகளை வரிசையாகத் தொங்கவிட ஒரு சுவரும், அதன் முன்னே ஒரு பெஞ்சும். பார்வையாளர்கள் அதில் உட்கார்ந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர் பட்டியலில் இல்லாத ஒரு பேஸ்பால் ரசிகன்