எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்டால் போதாது

பல்கலைக்கழகக் கல்வித்துறை ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பாலர் பள்ளி ஆசிரியை. போன வருடம் உங்களில் ஒரு குழு எங்கள் பள்ளிக்கு வந்தது. மலாய் மொழியில் இரண்டு பக்கக் கேள்விப் பாரம். 'உங்கள் பிள்ளை தினமும் எத்தனை மணி நேரம் டிவி பார்க்கிறது?' என்பதுதான் முக்கியமான கேள்வி. தாய்மார்கள் வாசலில் நின்றபடியே 'ஒரு மணி நேரம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினார்கள். சிலருக்குக் கேள்வியைத் தமிழில் விளக்கியது நான்தான். அப்புறம் உங்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

அந்தத் தாய்மார்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தைத்தான் எழுதினார்கள். தோட்டத்தை விட்டுத் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிக்கு வந்த குடும்பங்கள் இவை. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட், அப்பாவுக்கு லோரி. பிள்ளையைப் பார்ப்பது பாட்டி. காலையில் பக்திப் பாட்டுக்காகப் பாட்டி போடுகிற டிவி, ராத்திரி நாடகம் முடியும்வரை ஓடுகிறது. அதன் முன்னால்தான் பிள்ளை சாப்பிடுகிறது, எழுதுகிறது, தூங்கியும் போகிறது. இதில் எதைப் 'பார்த்த நேரம்' என்று கணக்கில் எடுப்பீர்கள்? யாரும் பார்க்காமல் சும்மா ஓடும் டிவிகூடச் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டைக் கலைக்கிறது, பெரியவர்கள் அவர்களோடு பேசுவதைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருப்பது உங்களுக்குத் தெரிந்ததே.

என் வகுப்பில் ஒரு பையன் நாடக வில்லியின் வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு சொல்வான். நேற்று வீட்டில் என்ன செய்தாய் என்றால் இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. டிவிதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்குத்தான் உங்களைக் கேட்கிறேன்.

கனடாவில் மலைக்கு நடுவே இருந்த ஓர் ஊருக்கு 1973இல்தான் டிவி வந்தது. வருவதற்கு முன்பும், இரண்டு வருடம் கழித்தும் அங்குள்ள பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். விளையாட்டில் அடிதடி கூடியிருந்தது. தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் செயிண்ட் ஹெலினா தீவுக்கு 1995இல் டிவி வந்தபோது பள்ளித் திடலில் கேமரா வைத்துப் பார்த்தார்கள். அங்கே பிள்ளைகளின் நடத்தை கெடவில்லை. ஒருவரை ஒருவர் அறிந்த சின்னச் சமூகம், பிள்ளைகள் மேல் எப்போதும் பெரியவர்களின் கண் இருந்தது என்று அந்த ஆய்வாளர்கள் காரணம் சொன்னார்கள்.

அதைப் படித்தபோது எனக்கு எங்கள் லயம், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகள்தான் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு டிவி முன்னால் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்போம். பெரியம்மா ஒருவர் கதை சொல்லிக்கொண்டே வருவார், சண்டைக் காட்சி வந்தால் எங்களை அதட்டுவார். டிவி பார்த்தோம், பேச்சும் கேட்டோம். இன்றைக்கு அந்தப் பெரியம்மாவின் இடத்தில் யார் இருக்கிறார்கள்? உங்கள் பாரத்தில் அந்தக் கேள்வி இல்லை.

மறுபடியும் வாருங்கள். தமிழ் தெரிந்தவர்களை அனுப்புங்கள். பள்ளி வாசலுக்கு வேண்டாம், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து பாட்டியிடம் பேசுங்கள். என்ன ஓடுகிறது, பிள்ளை பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவர்கள் பேசிக்கொள்கிறார்களா என்று உட்கார்ந்து கவனியுங்கள். பெற்றோரிடம் பேசி நேரம் வாங்கித் தருவது என் பொறுப்பு. கண்டறிந்ததைத் தமிழில் எழுதி எங்கள் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் நீங்களே வந்து சொல்லவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஒரு பாலர் பள்ளி ஆசிரியை