கடைசி வரித் திருப்பம் மட்டும் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புதிதாகக் கதை எழுத வருகிறவர்களுக்காகச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடைசி வரியில் எதிர்பாராத திருப்பம் இருந்தால்தான் கதை மனதில் நிற்கும் என்று அடித்துச் சொல்கிறார் கட்டுரையாளர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கிளை நூலகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். கதையின் பெயர், எழுதியவர் பெயர் இரண்டையும் மறந்துவிட்டுத்தான் பாதிப் பேர் வருவார்கள். “சார், டைரியில எழுதித் தரச் சொல்லுவானே ஒரு பையன், அது எந்தப் புத்தகத்துல இருக்கு?” என்பார்கள். எங்கள் பக்கத்து இடைசெவல்காரர் கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ தொகுப்பை எடுத்துக் கொடுப்பேன். 1970இல் அவர் காலமானார். அந்த ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது இந்தத் தொகுப்புக்குத்தான் கிடைத்தது. திருப்பத்தையே நம்பி எழுதிய ஒரு பக்கக் கதையைத் தேடிக்கொண்டு யாரும் அப்படி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

‘அன்பளிப்பு’ கதையில் என்ன பெரிதாக நடந்துவிடுகிறது? தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் ஒருவர் (கதையைச் சொல்கிறவரும் அவர்தான்), அவர்களில் இருவருக்கு டைரி பரிசளிக்கிறார். சாரங்கன் என்ற இன்னொரு பையனுக்கு இல்லை. வேண்டுமென்றே விட்டதல்ல, அவருக்கு அது தோன்றவே இல்லை. பையன் சண்டை பிடிக்கவில்லை. தன் வீட்டுக்கு வரச் சொல்லி அவரைக் கூப்பிடுகிறான். அவரும் போகிறார். உபசாரமெல்லாம் முடிந்த பிறகு அவனே ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரச் சொல்கிறான். அவ்வளவுதான் கதை.

இதுவும் திருப்பம்தானே என்று கட்டுரையாளர் கேட்கலாம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். முடிவு தெரிந்த பிறகு கதை சப்பென்று போயிருக்க வேண்டுமே? இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் அதிகமாக வலிக்கிறது. டைரி கை மாறும் இடத்திலேயே நம் கண் சாரங்கன் மேல் போய்விடுகிறது. கதை சொல்கிறவருக்கு அவன் மனசு தெரியாது, நமக்குத் தெரியும். ‘பாவம் அந்தப் பையன்’ என்று ஆசிரியர் ஒரு வரி எழுதியிருந்தால் நமக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. இன்னொன்றையும் பாருங்கள். டைரி அவன் கையில் ஏற்கெனவே இருக்கிறது, கடையில் காசு கொடுத்தால் கிடைக்கிற பொருள்தான். பிரியமானவர் கையால் எழுதிய ஒரு வரிதான் அவனிடம் இல்லை. வெறுமனே ‘பரிசு’ என்று எழுதி, அது டைரி என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால், நூலகத்துக்கு வந்து கேட்பவர்கள் எதைச் சொல்லிக் கேட்டிருப்பார்கள்?

விறுவிறுப்பு கூடாது என்று நான் சொல்லவில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த ‘பொன்னியின் செல்வ’னைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ. ‘தொடரும்’ என்பதைப் பார்த்துவிட்டு அடுத்த வாரத்துக்கு ஏங்கினார்கள் என்பது உண்மைதான். ஆனால் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதில்தான் வந்து நிற்கும். சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு, அவனைக் கொன்ற ரவிதாசனையும் மற்றவர்களையும் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. கல்கியோ நாவலில் அதைத் தீர்த்துச் சொல்லாமலே போனார். வாசகர்கள் இன்னும் விட்டபாடில்லை.

உங்கள் பத்திரிகையில் இப்போது வரும் கதைகளில் கடைசிப் பத்தி பெரும்பாலும் விளக்கவுரையாக இருக்கிறது. கதாநாயகி எதை உணர்ந்தாள், நாம் எதை உணர வேண்டும் என்று விலாவாரியாகச் சொல்லிவிடுகிறார்கள். இடம் போதாமல் நீங்கள் வெட்டும்போது அந்தப் பத்தி தப்பித்துக்கொள்கிறது, சாப்பாட்டுத் தட்டு, செருப்பு, டைரி மாதிரியான சின்னச் சின்ன விவரங்கள்தான் முதலில் போகின்றன என்று சந்தேகப்படுகிறேன். போதாக்குறைக்கு, தலைப்புக்கு மேலே ஒரு கட்டம் போட்டு ‘பாசத்தின் வலிமையைச் சொல்லும் நெகிழ்ச்சிக் கதை’ என்று வேறு அச்சிடுகிறீர்கள்.

அடுத்த சிறுகதைப் போட்டிக்கு ஒரு பக்கம் என்ற வரம்பைத் தளர்த்தி மூன்று பக்கமாவது கொடுங்கள். அந்தக் கட்டத்தையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
கோவில்பட்டி.