சாவிக்கொத்தைத் தேட வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். திங்கட்கிழமை சபைகூடலில் ஒரு மாணவனுக்கு வலிப்பு வந்ததைப் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்ற நம்பிக்கையில், அந்த இரண்டு நிமிடத்துக்குள் என் கையில் மூன்று சாவிக்கொத்துகள் வந்து விழுந்தன. அதனால்தான் இந்தக் கடிதம்.

வலிப்பு என்பது மூளை நரம்புகளில் திடீரென எழும் மின் கொந்தளிப்பு. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கிவிடும். அந்த நேரம் கையில் சாவி இருந்தால் பெயர் சாவிக்குப் போகிறது. நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். பாட்டி அரிவாளையே கொண்டு ஓடியது நினைவிருக்கிறது.

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துணி வையுங்கள், சட்டைக் கழுத்தைத் தளர்த்துங்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ வேண்டவே வேண்டாம். உடனே கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலும், நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலும், இதுதான் முதல் தடவை என்றாலும் அவசர எண்ணான 999-ஐ அழையுங்கள். செம்பனைக் காட்டுக்குள் ஆம்புலன்ஸ் வழி தேடி அலையும். ஒருவர் மோட்டாரில் போய் முச்சந்தியில் நில்லுங்கள்.

பாலர் பள்ளிப் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. 6 மாதம் முதல் 5 வயதுவரை காய்ச்சலோடு வரும் வலிப்பு பெரும்பாலும் மூளைக்குக் கேடு செய்வதில்லை. மூவரில் ஒருவருக்கு மறுபடியும் வரலாம். ஆனால் கழுத்து விறைத்தாலோ மயக்கம் தெளியாவிட்டாலோ அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.

காய்ச்சல் போன்ற உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் காக்காய் வலிப்பு. பிறப்பின்போது மூச்சுத் திணறியது, தலையில் பட்ட அடி, பரம்பரை எனக் காரணங்கள் பல. பாதிப் பேருக்குக் காரணமே தெரிவதில்லை. பேயும் இல்லை, செய்வினையும் இல்லை, தொற்றுவதும் இல்லை. கோயிலில் திருநீறு பூசுங்கள், மாத்திரையையும் கொடுங்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேருக்கு வலிப்பு கட்டுப்படும். நின்றுவிட்டதே என்று நீங்களாக மருந்தை நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம். தூக்கம் கெடுவதும் அதைக் கிளறும். வலிப்புள்ள பிள்ளைகளை நீர் தேங்கிய பழைய ஈயச்சுரங்கக் குட்டைப் பக்கம் தனியாக விடாதீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி பாட நடுவே சில நொடி வெறித்துப் பார்ப்பாள், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுதுவாள். பகல்கனவு என்று நான் அவளைப் பலமுறை நிற்க வைத்தேன். அதுவும் ஒருவகை வலிப்பு என்று பின்னர் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டில் அப்படிக் கண்டால் கைப்பேசியில் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிள்ளைக்கு வலிப்பு உண்டென்றால் மறைக்காதீர்கள். மருந்துச் சீட்டின் நகலை உறையிலிட்டு ஒட்டி அலுவலகத்தில் கொடுங்கள். வகுப்பாசிரியரும் நானும் மட்டுமே பார்ப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்