ஞாயிறு வார்டு கூட்டம்: குப்பை பற்றியும் பேசுவோம்

வணக்கம். ஞாயிறு வார்டு கூட்டத்துக்கு முடிந்தவர்கள் வாருங்கள். குப்பைதான் முதல் பேச்சு.

தென் கொரியாவில் 2005இல் உணவுக் கழிவை நேரடியாகப் புதைக்கத் தடை வந்தது. 2013 முதல் கொட்டும் அளவுக்கேற்பக் கட்டணம். சோல் நகரில் பல அடுக்ககங்களில் அட்டையைக் காட்டினால்தான் தொட்டி திறக்கும். எடை பார்த்துக் காசு பிடிக்கும். தண்ணீரை வடித்துவிட்டுக் கொட்டினால் செலவு குறையும்!

இங்கே உடனே கட்டணம் வைத்தால் ராத்திரியோடு ராத்திரியாகச் சாலையோரம் போய்விடும் என்று எனக்குப் பயம். அதனால் முதலில் ஈரக் கழிவுக்குத் தினமும் தனி வண்டி கேட்போம். பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கொட்டினால் யாருக்கு மனசு வரும்?

அப்புறம், மிஞ்சிய சாம்பாரைக் கேரி பேகில் முடிச்சுப் போட்டு எறியாதீர்கள். நேற்றும் முனையில் மூன்று கிடந்தன; ஒன்றை மாடு பையோடு மென்றுகொண்டிருந்தது.