வெள்ள எச்சரிக்கைச் செயலி செய்யும் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

கெடிலக் கரையிலும் பெண்ணையாற்றுக் கரையிலும் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தர ஒரு செயலி செய்கிறீர்கள். 2011 தானே புயலையும் 2015 மழையையும் பார்த்த கடலூரில் அதை வேண்டாம் என்பார் யாருமில்லை. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்த வேகம் இன்னும் யாருக்கும் மறக்கவில்லை.

என் குறை வேறு. “பீட்டா வந்தாச்சு, எல்லாரும் போட்டுப் பாருங்க” என்று வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினீர்களே, அது வெளியாட்களிடம் கொடுத்துப் பார்க்கும் பீட்டா இல்லை. உள்ளுக்குள் நடக்க வேண்டிய ஆல்ஃபா சோதனையே முடியாத சரக்கு. புதுச்சேரியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங்தான் எனக்குப் பிழைப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன்.

பதிவுப் பக்கத்தில் முகவரியைத் தமிழில் அடித்தால் செயலி அப்படியே மூடிக்கொள்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஊரைக் கூப்பிட வேண்டுமா? உங்களில் ஒருவர் தமிழ்க் கீபோர்டைத் திறந்திருந்தால் போதுமே! ஆல்ஃபா சோதனை இதற்குத்தான். எழுதியவர்களும் கூட இருக்கும் டெஸ்டர்களும் வெளியே விடுவதற்கு முன் உள்ளுக்குள்ளேயே போட்டு உடைப்பது. பாதி வசதி வந்திருக்காது, அடிக்கடி விழும், பரவாயில்லை. நிரல் எழுதியவர் பக்கத்து மேசையில் இருக்கிறார், எங்கே விழுந்தது என்று காட்டும் பதிவு (லாக்) கையில் இருக்கிறது.

பீட்டாவில் அகப்படுவது வேறு ரகம். முதுநகரில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை, கண் சரியாகத் தெரியாததால் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார். அவர் திரையில் உங்கள் ‘உதவி வேண்டும்’ பட்டன் கீழே போய் மறைந்துவிட்டது. தள்ளிப் பார்த்தாலும் மேலே வரவில்லை. நீங்கள் மாதக்கணக்கில் சோதித்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது, உங்கள் போன்களில் எழுத்து சின்னது. இந்த மாதிரிப் பிழைக்காகத்தான் ஓரளவு முடிந்த பொருளை வெளியாள் கையில், அவருடைய போனிலேயே கொடுத்துப் பார்ப்பது.

ஜிமெயில்கூட 2004 ஏப்ரலில் வந்து 2009 ஜூலை வரை பீட்டா என்ற அடையாளத்தோடுதானே இருந்தது என்பீர்கள். சரி, ஆனால் அதில் மெயில் போனது, வந்தது. தொடக்கத்தில் அழைப்பு இருந்தால்தான் உள்ளேயே விட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை நல்ல வெயிலில் “கெடிலத்தில் நீர்மட்டம் உயர்கிறது” என்று எங்கள் போன்கள் எல்லாம் அலறின. சோதனைச் செய்தி என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் அரிசி மூட்டைகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டு வந்து ஆற்றைப் பார்த்தால் மணல்தான் தெரிகிறது. அடுத்த முறை நிஜமாகவே அலறும்போது அவர் மூட்டையைத் தூக்குவாரா? பொய்த் தரவை வைத்து அலாரம் அடித்துப் பார்ப்பது உள்ளே முடிய வேண்டிய வேலை.

ஆகவே, வாட்ஸ்அப்பில் சுற்றும், செயலியை நேரடியாக நிறுவும் ஏபிகே கோப்பை முதலில் திரும்பப் பெறுங்கள். கூகுள் பிளேயில் உள்சோதனைக்கு 100 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் குழுவுக்கு அது தாராளம். அங்கே விழாமல் நின்றபின் தேவனாம்பட்டினம், முதுநகர், கெடிலக் கரை என்று பகுதிக்குச் சிலராக அழையுங்கள். குறை சொல்ல ஒரு போன் எண் கொடுங்கள், ஆங்கிலப் படிவம் வேண்டாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இதெல்லாம் நடக்க வேண்டும். முதுநகரில் ஆள் சேர்த்துத் தருவது என் பொறுப்பு. அத்தை இப்போதே தயார்.

இப்படிக்கு,
முதுநகர்வாசி ஒருவன்