இந்தக் குளிர்காலம் குட்டிக்குக் கயிறுதான்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிரேஹவுண்ட் கலப்பில் ஏழு மாத லர்ச்சர் நாய்க்குட்டி ஒன்று, முயலை வளையிலிருந்து வலைக்கு விரட்டும் ஜில் ஃபெரட், அதாவது பெண் ஃபெரட், இரண்டு, வேல்ஸ் எல்லையோரம் பண்ணைக்காரர் அனுமதித்த ஆறு மேய்ச்சல் நிலம். அக்டோபரில் குட்டியை அவிழ்த்துவிடலாமா என்று கேட்கிறாய். வேண்டாம் கண்ணு. இந்தக் குளிர்காலம் ஃபெரட்டும் வலையும் வேலை செய்யட்டும், குட்டி கயிற்றில் உட்கார்ந்து பார்க்கட்டும். லர்ச்சரின் கால் எலும்பு முற்ற ஒரு வயதாவது ஆக வேண்டும். அதற்கு முன் திடலில் முழு வேகத்தில் திருப்பித் திருப்பி ஓடவிட்டால் மூட்டு போகும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அவசரத்தில் பழகும் கெட்ட பழக்கங்கள். அதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போது உன் கவனம் கூண்டில் இருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு காகிதம். பண்ணைக்காரர் வாயால் சொன்னது போதாது. எந்த நிலங்கள், எந்தத் தேதி வரை, உன் பெயர், அவர் கையெழுத்து, இவ்வளவும் எழுதி வாங்கி வண்டியில் வைத்துக்கொள். 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய் வைத்துக் காட்டு விலங்கைத் துரத்துவதைத் தடுக்கிறது. நிலத்துக்காரர் அனுமதி இருந்தால் முயலுக்கு விலக்கு உண்டு, அதுவும் ராபிட்டுக்கு. நம் மொழியில் ராபிட், ஹேர் இரண்டுக்கும் முயல் என்றே பெயர் என்பதால் சொல்கிறேன்: ராபிட் வேறு, ஹேர் வேறு. ராபிட் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். ஹேர் திறந்த வயலில் சிறு பள்ளத்தில் படுக்கும், காது நுனி கறுப்பு, கால் நீளம். அதை நாய் துரத்தினால் குற்றம், 2022க்குப் பிறகு தண்டனையும் கூடியிருக்கிறது. ஊரில் சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் துரத்தியதும் வளை தோண்டாத முயல்தான். அங்கேயும் 1972 வனவிலங்குச் சட்டப்படி அந்த வேட்டை இப்போது குற்றம். வண்டியில் லர்ச்சரோடு போகிறவரை போலீஸ் நிறுத்திக் கேட்பது சாதாரணம். காகிதத்தைக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடியும்.

இனி ஃபெரட். பார்க்கக் கீரி மாதிரி இருந்தாலும் அது நீர்நாய்க்குச் சொந்தம். அதன் குடல் குட்டை, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் தீனி எப்போதும் கிடைக்க வேண்டும். முயலைத் தோலோடும் எலும்போடும் துண்டு போட்டுக் கொடு. அது இல்லாத நாளில் ஃபெரட்டுக்கென்றே விற்கும் உலர் தீனி, அல்லது உறைய வைத்து விற்கும் ஒரு நாள் கோழிக்குஞ்சு. பாலில் ஊறிய ரொட்டி கொடுக்கச் சொல்லும் கிழவர்கள் உன் பக்கத்திலும் இருப்பார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடு. வயிறும் பல்லும் கெடும். மீந்த இறைச்சியைப் படுக்கைக்குள் இழுத்து ஒளித்துவைக்கும், தினமும் தேடி எடுத்து எறி. கோடையில் ஒரே நாளில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும்.

குளிரைத் தாங்கும், வெயிலைத் தாங்காது. முப்பது டிகிரியை நெருங்கும் நாளில் கூண்டு மதிய வெயிலில் நின்றால் செத்துப்போகும். நிழலில், காற்று படும் இடத்தில், தரையிலிருந்து உயர்த்தி வை. நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் நோய் ஃபெரட்டுக்கு வந்தால் பிழைக்காது, தடுப்பூசி கட்டாயம். உனக்குச் சளிக்காய்ச்சல் என்றால் கூண்டுப் பக்கம் போகாதே. நம்முடைய ஃப்ளூ அதற்கும் தொற்றும், அதனுடையது நமக்கும்.

ஜில்லைப் பற்றி ஒன்று, இதை மறந்துவிடாதே. மார்ச்சில் பகல் நீளத் தொடங்கியதும் பருவத்துக்கு வரும், பிறப்புறுப்பு வீங்கிச் சிவக்கும். இணை சேராவிட்டால் அந்தப் பருவம் தானாக அடங்காது. மாதக்கணக்கில் ஹார்மோன் ஏறிக்கொண்டே போய் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, இரத்தசோகையில் கொண்டுபோய்விடும். குட்டி வேண்டாம் என்றால் விந்துக்குழாய் அறுத்த ஹாப்போடு, அதாவது ஆண் ஃபெரட்டோடு, சேர்க்கலாம். கால்நடை மருத்துவரிடம் ஹார்மோன் ஊசியோ தோலடியில் வைக்கும் மருந்தோ கேட்கலாம். உன்னிடம் இருப்பது இரண்டும் ஜில். பிப்ரவரியிலேயே நாள் வாங்கிவிடு.

தினமும் கையில் எடு. மேலிருந்து தோளைச் சுற்றிப் பிடித்து, கட்டைவிரல் தாடைக்கு அடியில் இருக்கட்டும், மறு கை பின்புறத்தைத் தாங்கட்டும். வேலையில் பாதித் தொல்லை இதில்தான் பிறக்கிறது. வளையின் வாயில் தலை காட்டும் ஃபெரட்டைச் சட்டென்று பறித்தால், அடுத்த முறை அது வாயருகே வந்து உன் கையைப் பார்த்துப் பின்வாங்கும். பிறகு அரை மணி நேரம் குளிரில் முட்டி போட்டுக் கெஞ்ச வேண்டியதுதான். முழு உடம்பும் வெளியே வந்து உதறிக்கொள்ளும் வரை பொறு. பிறகு மெதுவாகத் தூக்கு, ஒரு துண்டு இறைச்சி கொடு, பெட்டியில் போடு.

பட்டினி போட்டால் வெறியோடு வேலை செய்யும் என்று ஒரு பேச்சு உண்டு. பசித்த ஃபெரட் முயலை விரட்டாது, கொன்று தின்றுவிட்டு அங்கேயே தூங்கும். முந்தின இரவு வழக்கமான தீனி, காலையில் கொஞ்சம். வயிறு புடைக்கவும் கூடாது.

அக்டோபரில் முதல் உறைபனி விழுந்து காஞ்சொறியும் பெரணியும் சாயும் வரை காத்திரு. அதற்கு முன் போனால் பாதி வளைகள் இலைக்குள் மறைந்திருக்கும், உள்ளே குட்டிகளும் இருக்கும். ஃபெரட் அதைக் கொன்றுவிட்டு வெளியே வராது. பிப்ரவரி கடைசியில் நிறுத்திவிடு. காற்று அடங்கிய, காய்ந்த, குளிர்ந்த காலைதான் நல்லது. பலத்த காற்றிலும் மழையிலும் முயல் வெளியே வர மறுக்கும், உள்ளேயே சுற்றும், நீ தோண்டியே சாவாய்.

சுருக்குவலை மூன்றரை அடி நீளம், இரண்டு அங்குலக் கண்ணி. இரு முனையிலும் ஒவ்வொரு வளையம், ஓரத்தைச் சுற்றி ஓடும் சுருக்குக் கயிறு, அதன் முடிவில் ஒரு மர முளை. உன் பக்கத்து வேலிக்கரைகளில் ஒரு வளைக்கூட்டத்துக்குப் பத்துப் பதினைந்து வாய்தான் இருக்கும். நார்ஃபோக், சஃபோக் எல்லையில் பிரெக்லாண்ட் மணலில் அறுபது வாயும் இருக்கும், இடைக்காலத்திலேயே அங்கே முயலை வளர்த்து விற்றார்கள். உனக்கு முப்பது வலை போதும். வேலிக்கரை மண்ணில் ஆழம் குறைவு, வேரும் கல்லும் அதிகம். தோண்டக் குறுகலான, நீண்ட அலகுள்ள மண்வெட்டி வாங்கு.

வளையின் வாயிலிருந்து சுள்ளியையும் சருகையும் எடு. கீழ் வளையத்தைத் தரை விளிம்பில் பதித்து, வலையை வாய் முழுக்கத் தளர்வாக விரித்து, முளையை மேலே கெட்டி மண்ணில் அடி. வலை இறுக்கமாக இருந்தால் முயல் மோதித் திரும்பி உள்ளே போய்விடும், ஒரு முறை திரும்பியது அன்றைக்கு மறுபடி வராது. முளை இளகிய மண்ணில் இருந்தால் வலையோடு ஓடும். கயிறு ஒரு குச்சியில் சிக்கினாலும் சுருக்கு விழாது. பிறகு புல்லுக்குள் தேடு: வெளியே மண் கொட்டாமல் உள்ளிருந்து தோண்டிய சிறு துளைகள் இருக்கும். தப்பிப்பதெல்லாம் அதன் வழியாகத்தான். விரித்த வலையை எண்ணிக்கொள், சுருட்டும்போது மறுபடி எண்ணு. மறந்துபோன ஒரு வலையில் ஆட்டுக்குட்டி மாட்டினால் அனுமதி அன்றோடு போயிற்று.

எந்த வளை முயலுடையது என்று தெரிந்த பிறகே ஃபெரட்டை விடு. முயல் வளை வாய் அகலம் ஒரு சாண்கூட இருக்காது. பேட்ஜர் என்ற கறுப்பு வெள்ளைக் காட்டு விலங்கின் வளை பெரிது, உயரத்தைவிட அகலம் கூட, ஆங்கில D எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி; வாசலில் மண்மேடு, அதில் காய்ந்த புல், சில நேரம் கறுப்பு வெள்ளை மயிர். 1992 சட்டப்படி அந்த வளையைத் தொந்தரவு செய்வதே குற்றம். சந்தேகம் இருந்தால் அடுத்த வேலிக்குப் போ. எலி வாடை அடிக்கும் களஞ்சிய ஓரத்திலும் விடாதே. எலிக்கடி சீழ் வைக்கும்.

ஃபெரட்டின் கழுத்தில் அலைபரப்பிப் பட்டை, உன் கையில் அதைக் கேட்கும் பெட்டி. இது இல்லாமல் ஒரு நாளும் இறக்காதே. காலையில் புது பேட்டரி, ஒவ்வொரு முறை இறக்கும் முன்னும் பெட்டியை அருகில் பிடித்து ஒலி வருகிறதா என்று கேள். பட்டைக்குள் உன் சுண்டுவிரல் மட்டும் நுழைய வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் வேரில் மாட்டும். வார் முனையை மின்சார டேப்பால் ஒட்டிவிடு.

இறக்கியதும் வாய்க்கு முன்னால் நிற்காதே, மேலே பின்பக்கம் நில். பேசாதே, நடக்காதே. மண்ணுக்குள் தடதடவென்று சத்தம் வரும், பிறகு வலை துள்ளும். முதலில் காலால் வளை வாயை மூடு, அடுத்தது அதே வழியில் வரக்கூடும். வலையிலிருந்து எடுத்ததும் பின்னங்கால்களை ஒரு கையிலும் காதுக்குப் பின்னால் தலையை மறு கையிலும் பிடித்து, கீழே இழுத்து, தலையைப் பின்னோக்கி ஒரே வீச்சில் மடக்க வேண்டும். இதை எழுத்தில் கற்றுக்கொள்ள முடியாது. பண்ணைக்காரர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, செத்த முயலில் பழகிக்கொள். பிறகு அடிவயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்றி, குடலை எடுத்து, நிழலில் தொங்கவிடு. கல்லீரலில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தாலும், கண் வீங்கிச் சீழ் கட்டியிருந்தாலும் சமையலுக்கு வேண்டாம். கண் வீக்கம் 1953இல் இந்த நாட்டுக்கு வந்த மிக்ஸோமடோசிஸ் என்ற முயல் நோய், அதைப் புதைத்துவிடு.

ஃபெரட் திரும்பாவிட்டால் பதினைந்து நிமிடம் பொறு. முயலை ஒரு முட்டுச்சந்தில் மடக்கி அதன் முதுகைச் சுரண்டிக்கொண்டிருக்கும்; வெளியே வந்தால் நகத்தில் மயிர் இருக்கும். பிறகு ஒலி கேட்கும் பெட்டியைத் தரையோரம் நகர்த்தி, ஒலி உரக்கக் கேட்கும் இடத்தில், அளவைக் குறைத்துக் குறைத்துப் புள்ளியைப் பிடி, ஆழமும் தெரியும். நேராகத் தோண்டு. கடைசி அரை அடி கையால் மட்டும். மண்வெட்டிக்கு அடியில் ஃபெரட்டின் தலை இருக்கலாம். வேலை முடிந்ததும் குழியை மிதித்து மூடு, அதில் மாட்டின் கால் இறங்கினால் முறியும். இருட்டியும் கிடைக்கவில்லையா? வாய்களை அடைத்து, ஒன்றில் மட்டும் அதன் பெட்டியை வைக்கோலோடும் முயல் குடலோடும் வைத்துவிட்டு, விடிவதற்குள் போ. பெரும்பாலும் உள்ளே சுருண்டு தூங்கும்.

இப்போது குட்டி. ஃபெரட் கூண்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் அதைக் கூட வைத்துக்கொள். கம்பி வழியாக முகரட்டும், குரைத்தால் ஒரு அதட்டு. ஃபெரட் மூக்கைக் கடித்துவிட்டால் பிறகு என்றைக்கும் பகைதான், அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுக்காதே. வயலில் கயிற்றில் உன் காலடியில் கிடக்கட்டும். வலைமேல் நடக்காமல், வலையில் துள்ளும் முயலைக் கவ்வாமல், முனகாமல் இருக்க இந்த ஒரு பருவம் வேண்டும். அவிழ்த்துவிட்ட முதல் நாளிலேயே வலை முயலைக் கவ்வப் பழகிய நாய் முயலை நசுக்கும். ஒரு நாள் வலைக்குள் ஃபெரட்டும் இருக்கும்.

அது வளை வாயில் நின்று, தலையைச் சாய்த்து, ஒரு காலைத் தூக்கி உறைந்து நிற்பதை மார்க் என்பார்கள். உள்ளே முயல் உண்டு என்று பொருள். இதை நீ சொல்லித்தர முடியாது, கெடுக்க மட்டுமே முடியும். அது தலையைத் திருப்பிக்கொண்டு போன வளையில், போன வாரம் இங்கே இருந்ததே என்று தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் சாதித்து ஃபெரட்டை இறக்கினால், ஒன்றும் வராது; நாயும் அடுத்த முறை யோசிக்காமல் எல்லா வளையிலும் நிற்கும். அது இல்லை என்றால் இல்லை, நகர்ந்து போ. பிப்ரவரியில், ஒரு வயது நிறைந்த பிறகு, வலை போட முடியாத ஒற்றை வளையில் ஒன்றிரண்டு முயலுக்கு அவிழ்த்துவிடலாம். ஜனவரியிலிருந்து சினை ஆடுகள் நிற்கும் நிலத்தில் மட்டும் கயிற்றை எடுக்கவே கூடாது.

பச்சை முயல் தின்னும் நாய்க்கு நாடாப்புழு வரும், மருந்துக்கு மருத்துவரைக் கேட்டு நாள் குறித்துக்கொள். லர்ச்சரின் தோல் மெல்லியது, முள்கம்பி துணியைக் கிழிப்பது போலக் கிழிக்கும். மயக்க மருந்து தேவைப்பட்டால் இது கிரேஹவுண்ட் கலப்பு என்று முதலிலேயே சொல், கொழுப்பில்லாத இந்த உடம்புகளுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும்.

டெரியர் நாயும் வாங்கவா என்று கேட்டாய். முள்புதரும் கோர்ஸ் செடியும் மண்டிய நிலத்தில் முயலை வெளியே தள்ள அதைப் போல ஆளில்லை. ஆனால் வளைக்குள் நுழைந்துவிடும், உன் ஃபெரட்டைக் கண்டால் எலி என்று உதறிவிடும். உன்னுடையது வேலிக்கரை நிலம். லர்ச்சர் நிலைபெற்ற பிறகு, இரண்டு வருடம் கழித்துப் பேசலாம்.

தபாலில் முப்பது வலையும் ஒரு பட்டையும் வரும். வலைகள் பத்துப் பத்தாக மூன்று கட்டு, முளை முனையில் மஞ்சள் சாயம் அடித்திருக்கிறது, புல்லில் தேட எளிது. பிரித்ததும் எண்ணிப் பார்த்து எனக்கு எழுது.

அப்பா